பை வாங்கின டீம் ஏன் தோற்கிறது? பாச்சலூர் மைதானத்திலிருந்து அமெரிக்கா வரை ஓர் ஓய்வுக் கணக்கு

ஒட்டன்சத்திரத்திலிருந்து பரப்பலாறு அணைப் பக்கமாக வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை, பாச்சலூரில் கொண்டுபோய் விடுகிறது. காபி, மிளகு, மலைவாழை என்று சரிவெல்லாம் தோட்டம். இந்த மாதிரி மலையூர்களில் பந்தை ஓங்கி அடித்தால் அது உருண்டு போய்ச் சேரும் இடத்தைத் தேடவே பத்து நிமிஷம் ஆகும். சமதளம் கிடைப்பது அவ்வளவு அபூர்வம். அதனாலேயே ஒரு மைதானம் கிடைத்தால் விடமாட்டார்கள். பொங்கல், கோயில் திருவிழா, பள்ளி லீவு என்று ஏதாவது ஒன்றைச் சாக்கு வைத்து டோர்னமெண்ட் நடக்கும். கால்பந்தோ, டென்னிஸ் பால் கிரிக்கெட்டோ, எல்லாமே ஒரே நாள், மிஞ்சினால் இரண்டு நாள்.

ஏழு டீம் வந்தால் லாட் போடும்போது ஒரு டீமுக்கு ஆட்டமே இருக்காது. அதற்குப் பெயர் ‘பை’. மற்ற ஆறு டீம்களும் வெயிலில் மோதிக்கொண்டிருக்க, பை வாங்கின டீம் மரத்தடியில் பஜ்ஜி தின்றபடி வேடிக்கை பார்க்கும். நேராக செமி ஃபைனல்!

பிறகு அந்த டீம் தோற்றுப் போனால் டீக்கடையில் வாதம் கிளம்பும். “பை வாங்குனா ஒடம்பு சூடு ஆறிப்போகும் மாமா. காலைலருந்து ஆடுனவன் கை செட் ஆயிருக்கும்ல” என்பான் இளவட்டம். “அட போடா! களைச்சுப் போனவன்கிட்ட தோத்துட்டு சூடாம், ஆறுச்சாம்” என்பார் பெரியவர். டீ ஆறிவிடும். வாதம் ஆறாது.

இதே வாதத்தை அமெரிக்காவில் கோடிக்கணக்கான டாலர் புழங்கும் இடத்தில் வைத்து நடத்துகிறார்கள். அங்கே டீக்கடைக்குப் பதில் புள்ளியியல் நிபுணர்கள்.

நான்குக்கு நான்கு தோல்வி

அமெரிக்கர்கள் ‘ஃபுட்பால்’ என்று சொல்வது நம்மூர்க் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, எதிரே வருபவர்களை இடித்துத் தள்ளி ஓடும் ஆட்டம். அதில் கல்லூரி அணிகளுக்குக் கிடைக்கும் மரியாதை நமக்குப் புரியாத அளவுக்குப் பெரிது. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். வாரத்துக்கு ஓர் ஆட்டம்தான். அந்த அளவுக்கு உடம்பை உடைக்கிற விளையாட்டு. சீசனுக்கு நடுவில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு வாரம் ஆட்டமே இல்லாமல் வரும். அதுதான் ‘பை வீக்’. 2024-ல் காலண்டர் இடம் கொடுத்ததால் கல்லூரி அணிகளுக்கு இரண்டு ஓய்வு வாரங்கள் கிடைத்தன.

அந்த சீசனில் இன்னொன்றும் நடந்தது. இறுதிக்கட்டப் போட்டிக்கு முதல் முறையாக 12 அணிகளைச் சேர்த்தார்கள். முதல் நான்கு இடம் பெற்ற அணிகளுக்கு முதல் சுற்றில் பை. ஓரிகான், ஜார்ஜியா, பாய்ஸி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் ஆகிய அந்த நான்கும் மூன்று வாரத்துக்கு மேல் ஓய்வெடுத்துவிட்டு, புத்தாண்டை ஒட்டி நடந்த கால் இறுதிக்கு வந்தன.

நான்கும் தோற்றன. ஓரிகான் அதுவரை 13 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காத அணி. அக்டோபரில் ஒஹையோ ஸ்டேட்டை 32–31 என்று வென்றிருந்தது. அதே ஒஹையோ ஸ்டேட், கால் இறுதியில் முதல் பாதி முடிவதற்குள் 34–0 என்று முன்னால் போய், கடைசியில் 41–21 என்று ஜெயித்தது. பிறகு கோப்பையையும் தூக்கியது.

அடுத்த ஆண்டு விதியைக் கொஞ்சம் மாற்றினார்கள். அப்போதும் பை வாங்கிய நான்கில் மூன்று தோற்றன. ஜெயித்த ஒரே அணி இண்டியானா, சாம்பியனும் ஆனது. ஆக, இரண்டு ஆண்டுகளில் எட்டுக்கு ஒன்று. பாச்சலூர் இளவட்டம் சொன்னது சரிதானோ?

அவசரப்படக் கூடாது. முதல் ஆண்டு நடந்த கூத்தைப் பார்க்க வேண்டும். அப்போது பை கிடைத்தது தரவரிசையில் முதல் நான்கு அணிகளுக்கு அல்ல. வட்டாரச் சாம்பியன்களில் முதல் நான்கு பேருக்கு. எளிய வட்டாரத்தில் ஜெயித்து வந்த அணிக்கும் அது கிடைத்தது. பாய்ஸி ஸ்டேட்டும் அரிசோனா ஸ்டேட்டும் ஆட்டம் தொடங்கும் முன்பே ‘தோற்கக்கூடியவை’ என்று கணிக்கப்பட்டவைதான். ஜார்ஜியாவுக்கோ வழக்கமாகப் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் முக்கிய வீரர் காயத்தில் வெளியே. ஓய்வெடுத்ததால் தோற்றார்களா, எதிராளி பலசாலி என்பதால் தோற்றார்களா?

இன்னொன்று, எண்ணிக்கை. நாணயத்தை நான்கு முறை சுண்டினால் 16-ல் ஒரு தடவை நான்குமே பூ விழும். அதற்காக நாணயத்தைத் தட்டானிடம் கொடுத்துச் சோதிக்க மாட்டோம். எட்டுக்கு ஒன்றோ அதற்கும் குறைவாகவோ ஜெயிப்பது 256-ல் 9 தடவை நடக்கும். இது கொஞ்சம் புருவத்தை உயர்த்த வைக்கிற எண்தான். ஆனாலும் எட்டு ஆட்டம் எட்டு ஆட்டம்தான்.

இரண்டு புள்ளி எங்கே போனது?

கல்லூரி அணிகளில் கணக்குப் போடுவதற்கு இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. பெரிய மோதலுக்கு முன்னால் ஓய்வு வாரம் வருகிற மாதிரி அட்டவணை அமைவதுண்டு. அலபாமா–எல்.எஸ்.யு. போன்ற பரம எதிரிகள் மோதும் வாரத்துக்கு முன்னால் பல ஆண்டுகள் இரண்டு அணிகளுக்குமே ஓய்வு இருந்திருக்கிறது. பலமான எதிரியோடு ஆடும்போதுதான் ஓய்வும் சேர்ந்து வருகிறது என்றால், வெறும் வெற்றி–தோல்வியை எண்ணினால் ஓய்வு கெடுதல் என்றுதான் விடை வரும். மழைக்காலத்தில் குடை அதிகம் தெரிகிறது; ஆகவே குடைதான் மழையைக் கொண்டுவருகிறது என்பது மாதிரி.

அதனால் நிபுணர்கள் தொழில்முறை ஆட்டமான என்.எஃப்.எல். பக்கம் போனார்கள். அங்கே 1990-லிருந்து ஓய்வு வாரம் இருக்கிறது. எந்த அணிக்கு எப்போது ஓய்வு என்பதை அணிகள் முடிவு செய்வதில்லை. லீக் முடிவு செய்கிறது. மைக்கேல் லோபஸ் உள்ளிட்ட புள்ளியியலாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலான ஆட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். அணியின் பலம் இவ்வளவு, சொந்த ஊர் மைதானத்தின் சாதகம் இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வந்து, மிச்சத்தில் ஓய்வுக்கு எவ்வளவு பங்கு என்று பார்த்தார்கள்.

2011-க்கு முன்பு, ஓய்வு வாரம் முடித்து வந்த அணிக்கு ஆட்டத்துக்கு இரண்டு புள்ளிக்குச் சற்று மேல் சாதகம் இருந்திருக்கிறது. ஒரு ‘டச் டவுன்’ அடித்தாலே 6 புள்ளி கிடைக்கும் விளையாட்டில் இது மலையளவு இல்லைதான். ஆனால் மூன்று புள்ளியில் முடிவாகிற ஆட்டங்கள் ஏராளம் என்பதால் சும்மா தள்ளிவிடவும் முடியாது. 2011-க்குப் பிறகு அந்தச் சாதகம் அரைப் புள்ளிகூட இல்லை. கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டது.

2011-ல் என்ன நடந்தது? வீரர்கள் சங்கமும் லீக்கும் புது ஒப்பந்தம் போட்டார்கள். ஓய்வு வாரத்தில் வீரர்களுக்குத் தொடர்ந்து நான்கு நாள் முழு லீவு கொடுத்தே ஆக வேண்டும் என்று அதில் ஒரு ஷரத்து. அதற்கு முன்பு ‘ஓய்வு’ வாரத்திலும் கோச்கள் பயிற்சி மைதானத்துக்கு இழுத்து, அடுத்த எதிராளிக்காகக் கூடுதல் ஒத்திகை நடத்த முடிந்தது. ஒத்திகைக்கான நாள் குறைந்ததும் சாதகமும் குறைந்தது.

அப்படியென்றால் அத்தனை வருஷம் ஜெயிக்க வைத்தது ஓய்வா, கூடுதல் பயிற்சியா? ஆய்வு நேரடியாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் காலம் பொருந்துகிற விதம், ‘பை வீக்’ என்ற பெயருக்குள் ஒளிந்திருந்தது ஓய்வு அல்ல, பயிற்சிதான் என்று சந்தேகப்பட வைக்கிறது.

காபிச் செடிக்குத் தெரியும்

இந்தக் கணக்கு மறுபடி பாச்சலூருக்கே வந்து நிற்கிறது. அராபிகா காபி வைத்திருப்பவர்களுக்கு இது பழகின விஷயம். ஒரு வருஷம் கிளை ஒடிகிற மாதிரி காய்க்கும்; அடுத்த வருஷம் காய்ப்பு பாதியாகக் குறையும். அதிகம் காய்த்த வருஷம் செடி தன் சத்தையெல்லாம் பழத்துக்குக் கொடுத்துவிடுகிறது. புதுக் கிளை விடத் தெம்பு இருக்காது. போன பருவத்தில் வளர்ந்த கிளையில்தான் இந்தப் பருவம் காய் பிடிக்கும் என்பதால், அடுத்த அறுவடை அடிவாங்குகிறது. செடி தானே எடுத்துக்கொள்கிற ஓய்வு அது.

இப்போது காய்ப்பு குறைந்த வருஷம் பார்த்து ஒருவர் புது உரம் வாங்கிப் போட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் அமோகமாகக் காய்க்கிறது. பெயர் உரத்துக்குப் போய்விடும்! உரம் போடாமல் இருந்திருந்தாலும் ஏறத்தான் போகிறது என்பதை யாரும் நினைப்பதில்லை.

விளையாட்டில் ஓய்வுக்கும் இதே கதை. ஒரு வீரர் நான்கு ஆட்டம் சொதப்பினால் ‘ரெஸ்ட்’ கொடுக்கிறார்கள். திரும்பி வந்து நன்றாக ஆடுகிறார். ஓய்வு வேலை செய்தது என்கிறோம். சொதப்பலின் அடிமட்டத்தில் இருந்தவர் எப்படியும் தன் வழக்கமான தரத்துக்குத் திரும்பியிருப்பார் என்ற சாத்தியத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

2025 கோடையில் இங்கிலாந்து போன இந்திய டெஸ்ட் அணியைப் பாருங்கள். அதற்கு முந்தைய ஆஸ்திரேலியத் தொடரில் 151.2 ஓவர் வீசி 32 விக்கெட் எடுத்த பும்ரா, சிட்னி டெஸ்ட்டில் முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியேறியிருந்தார். அதனால் இங்கிலாந்தில் ஐந்தில் மூன்று டெஸ்ட்தான் என்று முன்பே முடிவு செய்துவிட்டார்கள். அவர் ஆடிய மூன்றில் இந்தியா இரண்டில் தோற்று, ஒன்றை டிரா செய்தது. ஆடாத இரண்டிலும் ஜெயித்தது! எட்ஜ்பாஸ்டனில் 336 ரன்னில், ஓவலில் 6 ரன்னில். ‘பும்ரா இல்லாட்டித்தான் ஜெயிக்கிறோம்’ என்று மீம் போட்டவர்கள் உண்டு. ஐந்து ஆட்டக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஓவலில் இன்னொரு வேடிக்கை. லார்ட்ஸ் டெஸ்ட் முடிந்து மான்செஸ்டர் டெஸ்ட் தொடங்க எட்டு நாள் இடைவெளி இருந்தது. மான்செஸ்டருக்கும் ஓவலுக்கும் நடுவில் மூன்றே நாள். ஐந்து டெஸ்ட்டும் ஆடி, தொடரில் 185 ஓவருக்கு மேல் வீசிய சிராஜ், அந்த மூன்று நாள் இடைவெளிக்குப் பிறகுதான் 9 விக்கெட் எடுத்தார். களைத்திருக்க வேண்டிய மனிதர், கடைசி நாள் காலையில் யார்க்கர் போட்டு ஆட்டத்தை முடித்தார்.

செஸ்ஸுக்கும் வருவோம். 2024 உலக சாம்பியன் போட்டியில் குகேஷும் டிங் லிரெனும் 14 ஆட்டம் ஆடினார்கள். மூன்று ஆட்டத்துக்கு ஒரு நாள் ஓய்வு. ஓய்வு நாளுக்கு மறுநாள் நடந்தவை 4, 7, 10, 13-வது ஆட்டங்கள். நான்குமே டிரா. வெற்றி–தோல்வி வந்த ஐந்து ஆட்டங்களும் மற்ற நாள்களில்தான். குகேஷ் பட்டம் வென்ற 14-வது ஆட்டமும், முந்தைய நாள் மணிக்கணக்கில் ஆடிவிட்டு வந்த நாளில்தான். ஓய்வு வந்தால் இருவரும் நன்றாகத் தயாராகி வந்து, ஒருவரை ஒருவர் மடக்க முடியாமல் போகிறது என்று விளக்கம் சொல்லலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து முடிவுகளைச் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டாலே, எட்டு முறைக்கு ஒரு முறை இப்படி அமைந்துவிடும்.

70 நாளில் பத்து ஆட்டம்

அப்படியானால் ஓய்வால் பலனே இல்லையா? ஸ்கோர் போர்டில் தேடினால் சொற்பம்தான். தேட வேண்டிய இடம் வேறு.

2024 மார்ச்சில் மும்பையில் ரஞ்சி அரை இறுதி. தமிழ்நாடு இன்னிங்ஸ் மற்றும் 70 ரன் வித்தியாசத்தில் மும்பையிடம் தோற்றது. அந்த ஆட்டத்தில் சதம் அடித்து தமிழ்நாட்டை நோகடித்த ஷர்துல் தாக்கூர், ஜெயித்த சந்தோஷத்துக்கு நடுவிலும் ஒரு புகார் சொன்னார். ஆட்டத்துக்கு ஆட்டம் மூன்று நாள்தான் இடைவெளி. இப்படியே போனால் பல வீரர்கள் காயத்தில் விழுவார்கள் என்றார். தோற்ற அணியின் கேப்டன் சாய் கிஷோரும் அதை ஆமோதித்தார். சாய் கிஷோர் சும்மா பேசுகிறவர் இல்லை. அந்த சீசனில் 53 விக்கெட் எடுத்து நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தவர்.

அட்டவணையைக் கையில் எடுத்து எண்ணினால் தெரியும். ஜனவரி 5-ல் தொடங்கி மார்ச் 14-ல் முடிந்த சீசன். இறுதிவரை போகும் அணிக்கு 70 நாளில் பத்து ஆட்டம். நான்கு நாள் ஆட்டம் ஏழு, ஐந்து நாள் ஆட்டம் மூன்று. மொத்தம் 43 நாள் மைதானத்தில். மிச்சம் 27 நாள். அதிலேயே விமானம், ரயில், மூட்டை முடிச்சு, ஊர் மாற்றம், வலைப்பயிற்சி எல்லாம். இந்த அட்டவணையில் சுழற்பந்து வீச்சாளர் எப்படியோ தப்பிக்கலாம். வேகப்பந்து வீச்சாளரின் முதுகெலும்பு என்ன செய்யும்?

குரல் காதில் விழுந்தது. அப்போது இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்த டிராவிட்டும் வீரர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்றார். 2024–25 சீசனில் ரஞ்சியை இரண்டாகப் பிரித்தார்கள். அக்டோபர், நவம்பரில் ஐந்து சுற்று, நடுவில் ஒருநாள், டி–20 போட்டிகள், ஜனவரியிலிருந்து மீதி.

காயத்துக்கும் இடைவெளிக்கும் உள்ள உறவில்தான் புள்ளிவிவரம் தெளிவாகப் பேசுகிறது. ஆஸ்திரேலியாவில் ரெபெக்கா டென்னிஸ் தலைமையிலான குழு 90 வேகப்பந்து வீச்சாளர்களை இரண்டு சீசன் பின்தொடர்ந்து, 2003-ல் முடிவை வெளியிட்டது. பந்து வீசும் நாள்களுக்கு இடையே சராசரியாக மூன்று முதல் நான்கு நாள் விட்டவர்களுக்குத்தான் காயம் குறைவு. இரண்டு நாளுக்கும் குறைவாக விட்டவர்களுக்கு ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது இது: ஐந்து நாள், அதற்கு மேல் என்று விட்டவர்களுக்கும் காயம் அதிகமாக இருந்தது. உடம்பு வேலையை மறந்துவிடுகிறது. திடீரென்று பழைய வேகத்தில் ஓடி வந்து வீசினால் தாங்குவதில்லை.

மூன்று வாரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டு வந்த அந்த அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கு ஒரு வார ஓய்வின் கணக்கு ஏன் பொருந்தாது என்பதற்கும் இதில் ஒரு சாடை இருக்கிறது. விளையாட்டு வேறு, காயம் வேறு, தோல்வி வேறு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அதே குழு 2005-ல் வளரிளம் பருவ வேகப்பந்து வீச்சாளர்களைப் பற்றி வெளியிட்டதுதான் பெற்றோர் பார்க்க வேண்டியது. சராசரியாக மூன்றரை நாளுக்கும் குறைவான இடைவெளியில் வீசிய பையன்களுக்குக் காயம் ஏற்படும் ஆபத்து மற்றவர்களைப்போல மூன்று மடங்கு. தசை வலி இரண்டு, மூன்று நாளில் போய்விடும். வளர்கிற வயதில் கீழ் முதுகெலும்பில் விழுகிற மெல்லிய விரிசல் அப்படிப் போகாது. மாதக்கணக்கில் படுக்க வைக்கும். இங்கிலாந்தில் சிறுவர்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை ஓவர், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம், ஏழு நாளில் நான்கு நாளுக்கு மேல் வேண்டாம் என்று வயதுவாரியாக விதி வைத்திருப்பது இதனால்தான்.

நம்மூரில் எப்படி? நன்றாகப் பந்து வீசும் ஒன்பதாம் வகுப்புப் பையனை எல்லோருக்கும் வேண்டும். குறுவட்டப் போட்டிக்குப் பள்ளி கூப்பிடும். ஞாயிற்றுக்கிழமை ஊர் டீம் கூப்பிடும். ஒட்டன்சத்திரத்திலோ திண்டுக்கல்லிலோ அகாடமி சேர்ந்திருந்தால் அங்கே செவ்வாயும் வியாழனும் வலைப்பயிற்சி. மலையிறங்கிப் போய்வர பஸ்ஸில் போகும் மணி நேரம் தனி. பள்ளிக்கு ஊர் டீமில் எத்தனை ஓவர் போட்டான் என்று தெரியாது. ஊர் டீமுக்கு அகாடமியில் என்ன நடந்தது என்று தெரியாது. ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம்தான் வீசினான். மொத்தத்தை மட்டும் யாரும் கூட்டுவதில்லை.

கூட்டுவதற்குப் பெரிய ஆப் எதுவும் வேண்டாம். செல்போனில் ஒரு குறிப்பு போதும்: தேதி, எத்தனை பந்து, முதுகு வலிக்கிறதா இல்லையா. வலைப்பயிற்சியில் வீசுவதையும், வீட்டு வாசலில் தம்பிக்கு வீசுவதையும் சேர்த்துத்தான். வாரக் கடைசியில் இரண்டு வீச்சு நாளுக்கு நடுவில் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்து, சராசரி மூன்றரைக்குக் கீழே போயிருந்தால், அடுத்த ஞாயிறு டோர்னமெண்டில் அவனை ஸ்லிப்பில் நிற்க வைக்கலாம். கேப்டன் கோபித்துக்கொள்வார். லாட்டில் பை விழுந்தால் அதுவும் தேவையிருக்காது.